அடைக்கலம் வந்த உயிரின் அச்சம்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், கதை இன்னும் பாண்டவர்களை வந்தடையாத தொடக்கப் பகுதியிலேயே ஒரு நாய்க்குட்டி அடிபடுகிறது. பரீட்சித்தின் மைந்தனான ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் நெடிய வேள்வி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறான். தேவலோகத்து நாயான சரமையின் குட்டி அங்கே வருகிறது. அரசனின் தம்பியர் மூவரும் அதனை அடித்து விரட்டுகின்றனர். அழுதுகொண்டே தாயிடம் ஓடிய குட்டி, தான் அவிப்பொருளைப் பார்க்கவும் இல்லை, நாவால் தீண்டவும் இல்லை என்று முறையிடுகிறது. சரமை வேள்விச்சாலைக்கே வந்து, குற்றமற்ற பிள்ளையை அடித்தது ஏன் என்று கேட்கிறாள். எவரும் மறுமொழி கூறவில்லை. கண்ணுக்குப் புலப்படாத அச்சம் ஒன்று அரசனை வந்து பற்றும் என்று சபித்துவிட்டு அவள் நீங்குகிறாள்.

அதே இதிகாசத்தின் இறுதியில், மகாபிரஸ்தானத்தின்போது, தம்பியரும் திரௌபதியும் வழியிலே வீழ்ந்த பின்னரும் தருமபுத்திரரைப் பின்தொடர்வது ஒரு நாயே. இந்திரனின் தேர் வந்து நிற்கிறது. நாயை விட்டுவிட்டு ஏறுமாறு தேவர்கோன் கூறுகிறான். தம்மை அண்டி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்துவிடுகிறார். நாயுருவில் வந்தவர் தருமதேவதையே என்பது பின்னர் வெளிப்படுகிறது.

பைரவப் பெருமானின் வாகனமாக நாயை வணங்கும் இல்லங்களில், அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. பிள்ளைகள் வேற்றூரிலும் வெளிநாட்டிலும் குடியேறிவிட, தனித்திருக்கும் முதியோர் துணைக்கு ஒரு நாயை வளர்க்க விழைகின்றனர். விலை கொடுத்து உயர்சாதி நாயை வாங்குவதினும், தெருவில் அடிபட்டுக் கிடந்து மீட்கப்பட்டதையோ, வளர்த்தவர் கைவிட்டதால் காப்பகத்தை அடைந்ததையோ ஏற்பது புண்ணியம் என்று எண்ணுகின்றனர். எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் வீட்டுக்கு வந்த நாய் நன்றியோடு வாலாட்டி மடியில் தலை சாய்க்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதல் நாளிலேயே ஏமாற்றம் நேரிடுகிறது. அது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. வைத்த சோற்றைத் தொடுவதில்லை. அன்போடு நீட்டிய கையைக் கண்டு நடுங்குகிறது. சில வேளை உறுமவும் செய்கிறது.

'இத்தனை செய்தும் நன்றியில்லையே' என்று மனம் நொந்து, பத்தே நாளில் அதனைத் திருப்பி அனுப்பிவிடுவோர் உண்டு. ஒரு முறை கைவிடப்பட்ட உயிர் இரண்டாம் முறையும் கைவிடப்படும்போது, மனிதரை நம்பும் ஆற்றல் அதற்கு இன்னும் குறைந்துவிடுகிறது. அதனை ஏற்க முன்வருவோரும் அரிதாகின்றனர். வேறு சிலரோ, அச்சத்தை அதட்டிப் போக்கிவிடலாம் என்று முயன்று கடிபடுகின்றனர். இவ்விரு தீங்குகளும் தவிர்க்கக் கூடியவை. அதற்கு முதலில் அந்த அச்சத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும்.

அச்சம் பிறக்கும் இடம்

அஞ்சும் நாயைக் கண்டதும், யாரோ இதனைக் கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்றே பலரும் முடிவு செய்கின்றனர். பல வேளைகளில் அது உண்மை. தமிழ்நாட்டுத் தெருக்களில் வளர்ந்த நாய் ஒன்றின் முன்னே ஒருவர் குனிந்தால் போதும், அது ஓட்டமெடுக்கும். கீழே விழுந்த பூவை எடுக்கக் குனிந்தாலும் அதற்குக் கல்லின் நினைவே வருகிறது. உயர்த்திய துடைப்பமும், ஓங்கிய குடையும், ஊன்றிவரும் கைத்தடியும் அவ்வாறே.

மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர் இருவர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் ஒரு நூலை வெளியிட்டனர். பிறந்த 3ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12ஆவது வாரம் வரையிலான காலமே குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்பது அவர்களது முக்கியமான முடிவு. அப்பருவத்தில் மனிதரின் கையையும் குரலையும் அறியாமல் வளர்ந்த குட்டி, எவரும் அதனை அடிக்காதபோதிலும், பின்னாளில் மனிதரைக் கண்டு அஞ்சும். பாழ்மனையில் பிறந்து வளர்ந்த நாய்க்கு மின்விசிறியின் சுழற்சியும், வழவழப்பான தரையும், மாடிப்படியும் விளங்காத விந்தைகளாகவே தோன்றும்.

அச்சத்தின் நினைவு எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்பதற்கு ருஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1924ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கூண்டுகளில் இருந்த நாய்கள் ஏறத்தாழ மூழ்கும் நிலையில், பணியாளர்கள் நீந்திச் சென்று அவற்றை மீட்டனர். வெள்ளம் வடிந்த பின்னர், முன்பு நன்றாகப் பயின்றிருந்த நாய்களுள் சில, கற்றதை இழந்து தடுமாறின. வாரங்கள் கழித்து அவை தேறிய பிறகும், கதவின் கீழாகச் சிறிது நீர் கசிந்து வருமாறு செய்தபோது பழைய நடுக்கம் மீண்டும் வந்தது. புதிய வீட்டாருக்குக் கண்ணில் படுவது சிறு நீர்க்கசிவு மட்டுமே. நாயின் உள்ளத்தில் எழுவதோ அன்றைய வெள்ளம். காரணம் புலப்படவில்லை என்பதால் அதன் அச்சத்தைப் பொய்யென்று கொள்ளலாகாது.

அச்சத்தின் மொழி

அஞ்சும் நாய் பேசாதிருப்பதில்லை. அதன் உடலே பேசுகிறது. வால் பின்னங்கால்களுக்கு இடையே ஒடுங்குவதும், காதுகள் பின்னோக்கிப் படிவதும் யாவரும் அறிந்த அடையாளங்கள். அவற்றினும் நுண்ணியவை உள. உணவு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குதல், உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் நோக்குதல், வெயிலின்றி மூச்சிரைத்தல், ஒரு முன்னங்காலை உயர்த்தி அசையாது நிற்றல் ஆகிய யாவும் 'சற்று விலகி இருங்கள்' என்னும் வேண்டுகோளே.

தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அசைவற்றுக் கிடக்கும் நாயைப் பார்த்து, 'எவ்வளவு சாது! எப்படித் தொட்டாலும் பேசாமல் இருக்கிறது' என்று மகிழ்வோர் உண்டு. அது சாதுத்தன்மையன்று, ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வலிமையில்லை என்னும் நிலையில் உடல் உறைந்துபோவது. அவ்வாறு கிடக்கும் நாயைக் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு தடவுவது ஆபத்தானது.

உறுமலைத் தண்டிக்கக் கூடாது என்பது மற்றொரு முக்கியமான விதி. உறுமல் என்பது கடிப்பதற்கு முன்னர் நாய் தரும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை. எச்சரிப்பதை மட்டுமே விட்டுவிடும். பின்னர் அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். உறுமல் கேட்டால் பின்வாங்கிவிடுவதும், எதனால் அது உறுமிற்று என்பதைக் குறித்து வைப்பதும் போதும்.

முதல் நாட்கள்

வீட்டுக்கு வருமுன் அல்லது வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி நீக்கம் ஆகியவை முதற்கடமைகள். காதில் சீழ், பல்லில் வலி, பழைய எலும்பு முறிவு போன்றவை இருப்பின், தொட்டவுடன் அது துள்ளி விலகுவதற்கு வலியே காரணமாக இருக்கலாம். வலி தீராமல் அச்சம் தீராது. 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இன்று சென்னை வேப்பேரியில் புகழோடு விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, இத்தகைய உயிர்களுக்குப் பெருந்துணையாக இருந்து வருகிறது.

வீட்டில் அதற்கென ஒரு மூலை வேண்டும். இருபுறம் சுவர் அமைந்த, ஆள் நடமாட்டம் குறைந்த இடமே ஏற்றது. பழைய போர்வை ஒன்றும் நீர்க் கிண்ணமும் அங்கிருக்கட்டும். அந்த மூலையில் அது இருக்கும்போது யாரும் அதனைத் தொடவோ, இழுக்கவோ, எட்டிப் பார்க்கவோ கூடாது. முதியோர் இரவில் எழுந்து நடக்கும் வழியில் அம்மூலை அமையாதிருப்பதும் முக்கியம். இருளில் நாயின் மேல் கால் பட்டால் இருவருக்கும் கேடு.

புதிய வீட்டை அறியாத நாய், கதவு சற்றே திறந்தாலும் ஓடிவிடும். ஓடிய நாய்க்குத் திரும்பி வரும் வழி தெரியாது. ஆகையால் தெருக்கதவும் உட்கதவும் ஒருசேரத் திறவாதிருக்க வேண்டும். பால்காரர், பேப்பர்காரர், பூக்காரர் ஆகியோரிடமும் இதனைக் கூறி வைப்பது நலம். கழுத்துப் பட்டையில் வீட்டின் தொலைபேசி எண்ணைப் பொறித்து வைக்கலாம். வெளியே செல்கையில் கழுத்துப் பட்டையைவிட நெஞ்சைச் சுற்றிய பட்டையே பாதுகாப்பானது. அஞ்சிய நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப் பட்டையினின்று தலையை உருவிக்கொள்ளும்.

காப்பகங்களில் பணிபுரிவோர் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு. முதல் 3 நாள் திகைப்பு. 3 வாரத்தில் வீட்டின் நடைமுறை விளங்கத் தொடங்கும். 3 மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம் பிறக்கும். இது பொதுவான அளவே. மிகவும் அஞ்சிய நாய்க்கு ஓராண்டும் ஆகலாம். முதல் வாரத்தில் அதனைக் குளிப்பாட்டுவதும், உறவினரை அழைத்துக் காட்டுவதும், கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்வதும் வேண்டாம். ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் வெளியே செல்லுதல், ஒரே நேரத்தில் உறக்கம் என்னும் ஒழுங்கே அதற்கு முதல் மருந்து. விடியலில் எழுந்து, நேரம் தவறாமல் பூசையும் உணவும் முடிக்கும் முதியோர் இல்லத்தில் இந்த ஒழுங்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

கைத்தடியும் கையளவு உணவும்

எழுபதை நெருங்கும் தம்பதியர் இல்லத்துக்கு அத்தகைய நாய் ஒன்று வந்திருப்பதாகக் கொள்ளலாம். தாத்தாவின் கையில் கைத்தடி. பாட்டிக்குத் தரையில் அமர இயலாது. இவ்விரண்டும் தடைகள் போலத் தோன்றினும் உண்மையில் தடைகள் அல்ல.

பாட்டி நாயின் மூலையிலிருந்து எட்டடி தள்ளி ஒரு நாற்காலியில், அதற்குப் பக்கவாட்டில் முகம் வைத்து அமரலாம். அதனைக் கூப்பிட வேண்டாம். கண்ணோடு கண் நோக்கவும் வேண்டாம். நாய்களின் வழக்கில் அறியாதவர் உற்று நோக்குவது மிரட்டலாகும். நாள்தோறும் படிக்கும் பாராயண நூலைத் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தாலே போதும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் காப்பகம் ஒன்றில், அஞ்சும் நாய்களின் கூண்டுக்கு வெளியே சிறுவர்களை அமர்த்திப் புத்தகம் படிக்கச் செய்கின்றனர். தன்னிடம் எதனையும் கேட்காத ஒரு குரலை நாள்தோறும் கேட்டுப் பழகும் நாய், மெல்ல மெல்லக் கூண்டின் முன்பக்கம் வந்து படுத்துக்கொள்கிறது. பாராயணம் செய்யும் இல்லத்தில் இதற்கெனத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை.

படிப்பின் இடையே ஒரு சிறு உணவுத் துண்டை நாயின் பக்கமாக வீசலாம். கையை நீட்டி 'வா, வா' என்று அழைத்து ஊட்டுவதைவிட இதுவே சிறந்தது. பசியால் இழுக்கப்பட்டுக் கையருகே வந்துவிட்ட நாய், உணவை விழுங்கியதும் தான் நிற்கும் இடத்தை உணர்ந்து திடுக்கிடும். அக்கணத்தில் கடிக்கவும் கூடும். உணவை நாய்க்குப் பின்புறமாக வீசினால் அது விலகிச் சென்று உண்ணும். உண்டபின் தன் விருப்பத்தால் ஓரடி முன்னே வரும். விலகிப் போகும் உரிமை தனக்கு உண்டு என்று அறிந்த உயிரே துணிந்து நெருங்கி வரும்.

அது தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாளில், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல், மார்பின் பக்கமாக மூன்று நொடி மட்டும் மெல்லச் சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மீண்டும் உடலைச் சாய்த்து நெருங்கினால் அதற்கு விருப்பம் என்று பொருள். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அது போதும்.

தாத்தாவின் கைத்தடியைப் பொறுத்தவரை, நாய்க்கு ஒரு புதிய பாடத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. முதலில் கைத்தடி தரையில், நாயிடமிருந்து வெகு தொலைவில் கிடக்கட்டும். நாய் அதனைப் பார்த்ததும் உணவுத் துண்டு ஒன்று விழ வேண்டும். கைத்தடி மறைந்ததும் உணவும் நின்றுவிட வேண்டும். சில நாட்களுக்குப் பின் கைத்தடி சுவரில் சாய்ந்திருக்கும். அதன்பின் அமர்ந்திருக்கும் தாத்தாவின் மடியில். அதன்பின் அவர் கையில். கடைசியாக அவர் அதனை ஊன்றி ஓரடி வைப்பார். ஒவ்வொரு படியிலும் நாய் அமைதியாக உண்டால் மட்டுமே அடுத்த படி. உண்ண மறுத்தால், அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்று பொருள். ஒரு படி பின்வாங்க வேண்டும்.

இதில் முறை மாறலாகாது. கைத்தடி முதலில், உணவு பின்னர். உணவைக் காட்டி மயக்கி அழைத்து, பிறகு கைத்தடியை நீட்டினால், உணவே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். பூசை மணி, குக்கரின் விசில், மிக்ஸியின் இரைச்சல் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். மணியோசை கேட்கும்போதெல்லாம் நல்லதொரு துண்டு கிடைக்கும் என்று அறிந்த நாய், சில வாரங்களில் பூசை வேளையை ஆவலோடு எதிர்நோக்கத் தொடங்கிவிடும்.

அஞ்சும்போது தேற்றினால் அச்சம் வளரும் என்று ஒரு கருத்து நிலவுகிறது. அது பிழையானது. அச்சம் என்பது பரிசுக்காகச் செய்யும் செயலன்று. தானே எழும் உணர்ச்சி. இடியோசையின்போது நாய் காலருகே வந்து ஒண்டினால், விரட்டாமல் அமைதியாக அருகிருக்க விடுவதே தகும்.

உணவில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்பின் மிகுதியால் பிரசாதத்தை நாய்க்கும் கொடுக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைப் பாதிக்கும். சாக்லேட் நஞ்சு. நீரிழிவு உள்ளோருக்காகச் செய்யப்படும் சில இனிப்புகளில் சேரும் சைலிட்டால் என்னும் பொருள் நாயின் உயிருக்கே ஆபத்தானது. சைவ உணவு மட்டுமே சமைக்கும் இல்லத்தில், தயிர்சாதம் ஒன்றினாலேயே அதன் உடல் தேறிவிடாது. புரதம் போதுமான அளவில் கிடைப்பதற்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பேரக்குழந்தைகள் வரும் நாள்

விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வரும் நாளே பெரும்பாலும் சோதனை நாள். இரண்டு மாதம் பொறுமையாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே மாலையில் சிதறிவிடக் கூடும். குழந்தைகள் ஓடுவார்கள், கூச்சலிடுவார்கள், ஆசையோடு கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். நாயைப் பொறுத்தவரை, கட்டி அணைப்பது சிறைப்படுத்துவதற்கு ஒப்பாகும். முகத்தோடு முகம் வைக்கும் குழந்தைக்கு முகத்திலேயே கடி விழும்.

'கண்ணா, நீ அதைத் தேடிப் போகாதே. அது உன்னைத் தேடி வரட்டும்' என்று பாட்டி முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் விடலாகாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அருகே செல்லலாகாது. சந்தடி மிகுந்த வேளையில் நாயை அதன் மூலையிலோ தனியறையிலோ விட்டுக் கதவைச் சாத்திவிடுவது தண்டனை ஆகாது. அது அதற்கு ஓய்வு.

எவ்வளவு கவனமாக இருந்தும் பல்லோ நகமோ பட்டுவிட்டால், காயம் சிறியதே என்று இருந்துவிடக் கூடாது. ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ தடவலாகாது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி இட்டுக்கொண்டால் அதனைத் தடுத்துவிடலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளும் முதியோருக்குச் சிறு கீறலும் பெரிதாக இரத்தம் கசியச் செய்யும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நடைக்கு அழைத்துச் செல்வதிலும் விழிப்பு தேவை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கு, நாயை வாரில் பிடித்து நடக்கையில் நேரும் எலும்பு முறிவுகள் 2004க்கும் 2017க்கும் இடையே இரு மடங்குக்கு மேல் பெருகியதாக 2019இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று தெரிவித்தது. அஞ்சும் நாய் திடீரெனப் பாயும். வாரைக் கையில் சுற்றிக்கொண்டால் இடுப்பு எலும்பு முறியும் அளவுக்கு விழ நேரிடும். கால் வலுவற்றோர் இப்பணியைக் குடும்பத்தின் இளையவரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ விட்டுவிடுவதே அறிவுடைமை.

தீபாவளி ஓசை

மனிதரின் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவிக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணும் எட்டும். வெடியோசை அதற்கு எத்துணைத் துன்பம் என்பதை இதனால் ஒருவாறு ஊகிக்கலாம். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வகுக்கப்பட்டிருந்தபோதிலும், தெருக்களில் ஓசை அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். மிகவும் அஞ்சும் நாய்களுக்கு உரிய மருந்துகள் உண்டு. மனிதருக்குரிய தூக்க மருந்தைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. அன்றைய தினம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே அழைத்துச் சென்று திரும்பிவிட வேண்டும். வீட்டின் நடு அறையில் சன்னல்களைச் சாத்தித் திரையிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, நாகசுர இசையையோ பாடலையோ மிதமாக ஒலிக்கச் செய்யலாம். ஒருவர் அருகில் அமர்ந்திருந்தால் இன்னும் நல்லது. கழுத்துப் பட்டையும் தொலைபேசி எண்ணும் அன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தேறிய உயிர்கள்

இவ்வளவு அஞ்சிய உயிர் தேறுமா என்னும் ஐயத்துக்கு, உலகறிந்த ஒரு விடை இருக்கிறது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரின் நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக நாய்ச்சண்டை நடத்தப்பட்டது வெளிப்பட்டது. ஏறத்தாழ 50 நாய்கள் மீட்கப்பட்டன. இத்தகைய நாய்கள் திருந்தா. கொன்றுவிடுவதே வழி என்று விலங்குநல அமைப்புகளுள் சிலவே கருதின. நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. அவற்றுள் பலவற்றிடம் காணப்பட்ட பெருங்குறை வெறியன்று, அச்சமே. தோசைக்கல்லில் வார்த்த மாவு போலத் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தவை பல.

அவற்றுள் 22 நாய்கள் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூட்டா மாநிலத்தின் விலங்குக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. மற்றவை வேறு பல அமைப்புகளின் பொறுப்பில் விடப்பட்டன. பல நாய்கள் பின்னர்க் குடும்பங்களில் சேர்ந்து, குழந்தைகளோடும் பூனைகளோடும் வாழ்ந்தன. சில, நோயாளிகளைத் தேற்றும் பணிக்குக்கூடப் பயிற்றப்பட்டன. வேறு சில, இறுதிவரை காப்பகத்திலேயே, தாம் அறிந்த சிலரை மட்டும் நம்பி வாழ்ந்து மறைந்தன. எல்லா உயிரும் ஒரே அளவில் தேறுவதில்லை. விருந்தினரைக் கண்டால் கடைசிவரை உள்ளே சென்றுவிடும் நாயும், தன் வீட்டார் இருவரின் காலடியில் நிம்மதியாக உறங்குமானால் அது தேறிய நாயே.

தேறுவதன் அடையாளங்கள் மிகச் சிறியவை. ஆள் இருக்கும்போதே உண்ணுதல் முதல் அடையாளம். வீட்டாருக்கு முதுகைக் காட்டிப் படுத்தல் அடுத்தது. காலை மடக்கி ஒடுங்கிப் படுத்த நாய் ஒருநாள் பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களையும் நீட்டி உறங்கும். பாட்டி பாராயணத்தைத் தொடங்கும் வேளைக்கு முன்னரே நாற்காலியின் அருகில் வந்து காத்திருக்கும். இவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்தால், முன்னேற்றமே இல்லை என்று தளரும் நாளில் அந்தக் குறிப்புகள் ஊக்கமளிக்கும். ஏதேனும் ஓசையால் ஒரு வாரம் பின்னடைவு நேர்ந்தாலும், தொடங்கிய இடத்துக்கே அது திரும்பிவிடுவதில்லை. பழைய படிகளை மீண்டும் ஒருமுறை ஏறினால் போதும்.

தமக்குப் பின் யார்?

முதியோர் எண்ண வேண்டியது இன்னொன்றும் உண்டு. நன்கு பேணப்படும் நாய் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழக் கூடும். எழுபது வயதில் குட்டி ஒன்றை ஏற்பவர், எண்பத்தைந்து வரை அதன் பொறுப்பை ஏற்கிறார். அதனால் குட்டியைவிட ஏழெட்டு வயதைக் கடந்த நாயே முதியோருக்கு ஏற்றது. அதன் ஓட்டம் தணிந்திருக்கும். இயல்பும் முன்னரே தெரிந்திருக்கும். காப்பகங்களில் எவரும் விரும்பாமல் காத்திருப்பவையும் பெரும்பாலும் அத்தகைய நாய்களே.

மருத்துவமனையில் சேர நேர்ந்தாலோ, காலம் முடிந்தாலோ, அதனை யார் ஏற்பார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்துவிட வேண்டும். மகனோ, மகளோ, அண்டை வீட்டாரோ மனமுவந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உணவுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதன் பழக்கங்கள், மருந்துகள், அஞ்சும் பொருள்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டு ஆவணங்களோடு வைத்துவிடலாம்.

எழுதி வைப்பது மட்டும் போதாது. அச்சமுடைய நாய்க்குப் புதியவர் ஒருவரை அறிந்துகொள்ளவே பல வாரங்கள் ஆகும். ஆதலால் அந்தப் பொறுப்பை ஏற்றவர் இப்போதிருந்தே வாரம் ஒருமுறையேனும் வீட்டுக்கு வந்து, அதே நாற்காலியில், பக்கவாட்டில் முகம் வைத்துச் சிறிது நேரம் அமர்ந்து, நான்கு துண்டு உணவை வீசிவிட்டுப் போகட்டும்.